விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையும் மடிக்கணினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய விமான நிலையங்களிலிருந்து புறப்படுவோரை மனத்தில் கொண்டு இவ்விடைகள் எழுதப்பட்டுள்ளன. வழியில் விமானம் மாறும் ஊர்களிலோ சென்றிறங்கும் நாடுகளிலோ நடைமுறை வேறுபட்டால் அது அந்தந்த இடத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. எக்ஸ்ரே கதிர் மடிக்கணினியைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சமே பலருக்கும் முதலில் எழுகிறது. உண்மையில் கருவிக்கு ஆபத்து நேர்வது, அது ஒரு பக்கமும் அதன் உரிமையாளர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் சில நிமிடங்களில்தான். கீழுள்ள விடைகளில் பெரும்பகுதி அந்த நிமிடங்களைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது.

எக்ஸ்ரே இயந்திரத்தின் வழியே சென்றால் மடிக்கணினியோ அதிலுள்ள கோப்புகளோ கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகா. பழைய வகை ஹார்டு டிஸ்க் தகவலைக் காந்தப் பதிவாக வைத்திருக்கிறது, இன்றைய எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவை மின்னூட்டமாக வைத்திருக்கின்றன. பயணப் பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் கதிர் அளவு இவ்விரண்டில் எதையும் மாற்றக்கூடியதன்று. நாம் நடந்து செல்லும் உலோகக் கண்டறியும் வாயிலின் காந்தப்புலமும், பணியாளர் கையில் வைத்திருக்கும் கருவியின் காந்தப்புலமும் மிகவும் வலுக்குறைந்தவை. ஒரே பயணத்தில் பலமுறை சோதனைக்கு உட்பட்டாலும் மடிக்கணினிக்குக் கேடில்லை. கதிரால் உண்மையிலேயே கெடக்கூடியது புகைப்படச் சுருள்தான். அதைப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் உள்ளவர்கள், கையால் சோதித்துத் தருமாறு பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் பையிலிருந்து வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வது எதற்காக?

சோதனைத் திரையில் பொருள்கள் அவற்றின் தன்மைக்கேற்ப நிறம் பெறுகின்றன. உணவு, துணி, காகிதம், நெகிழி போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீல நிறத்திலும், இடைப்பட்டவை பச்சை நிறத்திலும் தெரிகின்றன. வெடிபொருள்களில் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்கள் என்பதால், திரையைப் பார்ப்பவரின் கண் ஆரஞ்சு நிறத்தைத்தான் முதலில் தேடுகிறது. மடிக்கணினியின் மின்கலமும், சுற்றுப்பலகையும், குளிர்விக்கும் செம்புக் குழாய்களும் அடர்த்தியானவை. அவை பைக்குள் இருக்கும்போது, அவற்றுக்கு மேலும் கீழும் உள்ளவற்றின் படம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுவதால், எது மின்கலம், எது வேறு பொருள் என்று பிரித்தறிவது கடினமாகிறது. தனியே தட்டில் வைத்தால், மடிக்கணினியின் உட்புறமும் தெளிவாகத் தெரியும். பையிலுள்ள மற்றவையும் மறைப்பின்றித் தெரியும்.

மின்னணுக் கருவிகள்மீது இவ்வளவு ஐயம் ஏன் என்று கேட்பவர்களுக்கு வரலாற்றில் விடை உண்டு. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேல் வெடித்துச் சிதறிய பான் ஆம் 103 விமானத்தில், வெடிகுண்டு ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள் மறைக்கப்பட்டிருந்தது. விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 270 பேர் உயிரிழந்தனர். 2016 பிப்ரவரி 2 அன்று சோமாலியாவின் மொகதிஷுவிலிருந்து புறப்பட்ட டாலோ ஏர்லைன்ஸ் விமானத்தில் வெடித்த குண்டு மடிக்கணினிக்குள் வைக்கப்பட்டிருந்ததாகவே விசாரணையாளர்கள் கருதினர். விமானம் முழு உயரத்தை எட்டியிராததால் பக்கவாட்டில் துளை விழுந்தபோதும் அது திரும்பி வந்து தரையிறங்கியது. குண்டை வைத்திருந்தவர் மட்டுமே இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 2017 மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து நேரே அமெரிக்கா செல்லும் விமானங்களில், கைப்பேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளைக் கையில் கொண்டுசெல்ல அமெரிக்கா தடை விதித்தது. வளைகுடா வழியாக அமெரிக்கா செல்லும் நம்மவர்கள் பலர் அப்போது மடிக்கணினியை விமானத்தில் ஏறுமுன் ஒப்படைத்துவிட்டு, சென்றிறங்கிய பிறகு பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சோதனை முறைகள் இறுக்கப்பட்ட பின்னர், அதே ஆண்டு ஜூலையில் அத்தடை நீங்கியது.

சில வெளிநாட்டு விமான நிலையங்களில் எடுக்கவே வேண்டாம் என்கிறார்களே?

அங்கே சி.டி. வகை இயந்திரங்கள் உள்ளன. மருத்துவமனையில் உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் போலவே, இவையும் பையைச் சுற்றிலும் படமெடுத்து முப்பரிமாண உருவமாகக் காட்டுகின்றன. பணியாளர் அவ்வுருவத்தைத் திரையில் திருப்பிப் பார்க்க முடிவதால், ஒன்று மற்றொன்றை மறைக்கும் சிக்கல் பெரிதும் குறைகிறது. சிங்கப்பூர் சாங்கியின் 4ஆம் முனையத்திலும், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பல விமான நிலையங்களிலும் இவை பயன்பாட்டில் உள்ளன. ஆனால் ஒரே விமான நிலையத்தில் ஒரு வரிசையில் சி.டி. இயந்திரமும் அடுத்த வரிசையில் பழைய இயந்திரமும் இருப்பது உண்டு. ஆகவே முன்பு கேட்டதையோ படித்ததையோ நம்பிச் செயல்படாமல், அந்த வரிசையில் நிற்கும் பணியாளர் சொல்வதைக் கேட்பதே சரி. இந்தியாவில் எடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நல்லது.

மடிக்கணினியைத் தவிர வேறு எவற்றை வெளியே எடுக்க வேண்டும்?

டேப்லெட், பவர் பேங்க், கேமரா ஆகியவற்றை எடுக்கச் சொல்வது வழக்கம். பல இடங்களில் சார்ஜரையும் அதன் கம்பிச் சுருளையும்கூட எடுக்கச் சொல்கிறார்கள். கைப்பேசி, கைக்கடிகாரம், பர்ஸ், இடுப்புவார் ஆகியவையும் தட்டுக்கே செல்லும். வரிசையில் நின்றபின் பையின் அடியில் கைவிட்டுத் துழாவுவதே பரபரப்புக்கும் தவறுக்கும் காரணமாவதால், முந்தைய இரவே மடிக்கணினியைப் பையின் தனி அறையிலும், கம்பி, சார்ஜர், பவர் பேங்க் ஆகிய மூன்றையும் ஒரே சிறு பையிலும் வைத்துவிடுவது நல்லது. அந்தச் சிறு பையை அப்படியே எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஊருக்குச் சென்று திரும்புபவர்களின் கைப்பையில் முறுக்கும் அதிரசமும் நிரம்பிய எவர்சில்வர் டப்பா ஒன்று பெரும்பாலும் இருக்கும். உலோக டப்பாவுக்குள் கரிமப் பொருள் அடர்ந்திருக்கும் படம் திரையில் எப்படித் தெரியும் என்பதை மேலே சொன்னதிலிருந்தே ஊகிக்கலாம். அந்தப் பை தனிச் சோதனைக்கு ஒதுக்கப்படுவதற்கு வாய்ப்பு மிகுதி. பை ஒதுக்கப்பட்டால் உங்கள் கவனம் பிளவுபடும்; மடிக்கணினி மறுமுனையில் தனியே கிடக்கும். பலகாரத்தைச் செக்-இன் பெட்டியில் அனுப்பிவிடுங்கள். கையில்தான் கொண்டுசெல்ல வேண்டுமென்றால் நெகிழி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் எப்படி வைக்க வேண்டும்?

மூடிய நிலையில், தட்டையாக, அதற்கு மேலோ கீழோ எதுவுமின்றி வைக்க வேண்டும். துணி உறையிலிருந்தும் எடுத்துவிடுவது நல்லது. உறையோடு வைத்தால், மீண்டும் எடுத்து வைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். சாவிக்கொத்தையும் சில்லறையையும் மடிக்கணினிமீது வைப்பது இருவகையில் கெடுதல்: படம் மறைக்கப்படும், மூடியிலும் கீறல் விழும். தண்ணீர்ப் புட்டியை அதே தட்டில் வைக்கவே வேண்டாம். தட்டை நகர்த்திச் செல்லும் பட்டையும் உருளைகளும் சேரும் இடங்களில் தட்டு குலுங்கும். மூடி சரியாக இறுகாத புட்டி ஒன்று சாய்ந்தால், எக்ஸ்ரே செய்யாத கேட்டைத் தண்ணீர் செய்துவிடும்.

தட்டு கிடைக்கவில்லை என்பதற்காக மடிக்கணினியை நேரடியாகப் பட்டையின்மேல் வைப்பவர்களைக் காண முடிகிறது. தட்டு வரும்வரை காத்திருங்கள். மறுமுனையில் உருளைகள் சரிவாக அமைந்திருக்கும். பின்னால் வரும் கனத்த பை நேராக வந்து மோதும் இடம் அதுதான். தட்டின் விளிம்பு அந்த மோதலைத் தாங்கிக்கொள்ளும். மடிக்கணினியின் மூலைக்கு அது முடியாது.

தட்டை எப்போது உள்ளே அனுப்ப வேண்டும்? இது அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். இந்திய விமான நிலையங்களில் வாயில் வழியே நடந்தவுடன் சோதனை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பயணியையும் சிறு மேடைமீது நிறுத்தி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் கையிலுள்ள கருவியால் தனித்தனியே சோதிக்கின்றனர். பெண்களுக்குத் திரையிட்ட தனியிடத்தில் பெண் காவலர்கள் சோதனை செய்கின்றனர். தட்டு இயந்திரத்தைக் கடக்கச் சில வினாடிகளே ஆகும். ஆனால் மேடைக்கு முன் நாலைந்து பேர் நின்றால், நீங்கள் மறுபக்கம் செல்லப் பல நிமிடங்கள் ஆகலாம். அத்தனை நேரமும் உங்கள் மடிக்கணினி, அதற்குள் சோதனை முடித்து அவசரமாகத் தத்தம் பொருளை அள்ளிக்கொண்டிருக்கும் முன்பின் அறியாதவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. திரைக்குள் நிற்கும் பெண் பயணிகளுக்கு அதைப் பார்க்கக்கூட வழியில்லை. விமான நிலையங்களின் அமைப்பில் இது ஒரு வெளிப்படையான குறை என்றே கருத வேண்டியிருக்கிறது. ஆனால் அமைப்பு மாறும்வரை நாம்தான் நம் நடையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: முதலில் உடல் சோதனை வரிசை எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று பாருங்கள். பை, காலணி, இடுப்புவார் ஆகியவற்றை முன்னதாக வைத்துவிடலாம். மடிக்கணினி உள்ள தட்டை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு, மேடைக்கு முன் ஓரிருவரே மீதமிருக்கும்போது உள்ளே தள்ளுங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் அவரை முன்னே செல்லவிடுங்கள். அதனால் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. மடிக்கணினித் தட்டே உங்கள் தட்டுகளில் கடைசியாகச் செல்ல வேண்டும். பை முன்னே சென்று காத்திருந்தால் பெரிய கேடில்லை. தோளில் மாட்டும் பெரிய பையைத் தவறுதலாகத் தூக்கிச் செல்பவர்கள் குறைவு.

இருவராகப் பயணம் செய்பவர்களுக்கு எளிய வழி உண்டு. ஒருவர் கையில் எதுவுமின்றி முதலில் சென்று மறுமுனையில் நிற்கட்டும். மற்றவர் எல்லாத் தட்டுகளையும் அனுப்பிவிட்டுப் பின்னால் வரட்டும். கணவன் மனைவியாகச் செல்பவர்கள், பெண்கள் வரிசை குறுகியதாக இருந்தால் மனைவியை முதலில் அனுப்புவது பொருத்தம்.

தட்டுகள் தாமாகவே நகர்ந்து, ஐயத்துக்குரியவை தானே தனிப்பாதைக்குத் திரும்பும் புதிய வரிசைகள் உள்ள இடங்களில், தட்டைப் பிடித்து வைத்திருப்பது எளிதன்று. அங்கே தட்டில் பொருள்களை அடுக்குவதையே தாமதப்படுத்த வேண்டும்.

என்னுடையதைப் போலவே இன்னொரு மடிக்கணினி வந்தால் என்ன செய்வது?

காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து பெங்களூருவுக்கோ ஐதராபாதுக்கோ புறப்படும் விமானத்தின் வரிசையைப் பார்த்தால் இக்கேள்வியின் நியாயம் விளங்கும். ஒரே நிறுவனம் வழங்கிய ஒரே மாதிரிக் கறுப்பு நிற டெல், லெனோவோ கருவிகள் அடுத்தடுத்த தட்டுகளில் வருகின்றன. சாம்பல் நிற மேக்புக்குகள் வேறு. திருட்டைவிட இப்படிக் கைமாறிப் போவதே அதிகம் அஞ்சத்தக்கது. எடுத்துச் சென்றவருக்கு அது தன்னுடையதன்று என்பது, ஊர் போய்ச் சேர்ந்து திறந்து பார்க்கும்வரை தெரியாது.

மேல்மூடியின் ஒரு மூலையில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டி ஒன்றை ஒட்டுங்கள். அடிப்பக்கத்தில் உங்கள் பெயரும், உங்களோடு பயணம் செய்யாத ஒருவரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஏனெனில் கருவி கிடைத்து அழைக்கும்போது நீங்கள் வானத்தில் இருக்கக்கூடும். அலுவலகக் கருவியில் ஒட்டி ஒட்டக்கூடாது என்ற விதியிருந்தால், கழற்றக்கூடிய நிற உறை ஒன்றைப் பொருத்தலாம். கையில் எடுத்தவுடன் அங்கேயே அடையாளத்தைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வையுங்கள்.

என் பையைத் தனிச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டார்கள். மடிக்கணினி வேறு பக்கம் கிடக்கிறது. எங்கே நிற்பது?

முதலில் மடிக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். பை பணியாளரின் பொறுப்பில் தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. அதை வேறு யாரும் எடுத்துச் செல்ல முடியாது. "மேடம், என் லேப்டாப் அங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சென்றால் எவரும் மறுப்பதில்லை. பையைத் திறக்கும்போது அருகில் இருங்கள். ஆனால் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள்.

சிறு துணித்துண்டால் மடிக்கணினியைத் துடைத்து ஓர் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். என்ன சோதனை அது?

வெடிபொருளின் மிக நுண்ணிய தடயம் மேற்பரப்பில் உள்ளதா என்று பார்க்கும் சோதனை. ஐயம் உள்ளவரிடம் மட்டுமன்றி இடையிடையே எவரிடமும் செய்வதுண்டு. உரம், கிளிசரின் கலந்த கைக் களிம்பு, நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரை போன்றவற்றைத் தொட்ட கையால் கருவியைப் பிடித்திருந்தால் இயந்திரம் தவறாக எச்சரிக்கக்கூடும். அப்போது பதறாமல், எதைத் தொட்டீர்கள் என்பதைச் சொன்னால் போதும். மறுசோதனை செய்து அனுப்பிவிடுவார்கள்.

மடிக்கணினியை இயக்கிக் காட்டச் சொல்வார்களா? கடவுச்சொல்லையும் தர வேண்டுமா?

சொல்லலாம். உள்ளே உண்மையான கணினிதான் இருக்கிறது என்பதற்கு அது இயங்குவதே எளிய சான்று. 2014 ஜூலையில், அமெரிக்காவுக்கு நேரடி விமானம் புறப்படும் சில வெளிநாட்டு விமான நிலையங்களில் இதை ஒரு நிபந்தனையாகவே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவித்தது. மின்னூட்டம் தீர்ந்து இயங்காத கருவியை விமானத்தில் ஏற்ற முடியாது என்றும் அது கூறியது. எனவே அமெரிக்கா செல்பவர்கள், இடையில் விமானம் மாறும் ஊரிலும் கருவியில் போதிய மின்னூட்டம் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்டு, விமானத்தில் படம் பார்த்தே மின்கலத்தைத் தீர்த்துவிட்டு, அடுத்த விமானத்தின் வாயிலில் நிற்பது நல்லதன்று.

இச்சோதனைக்குத் திரை ஒளிர்ந்து கடவுச்சொல் கேட்கும் பக்கம் தோன்றினாலே போதும். உள்ளே என்ன கோப்பு இருக்கிறது என்பது பயணப் பாதுகாப்புச் சோதனையின் பொருளன்று. ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அந்நாட்டின் எல்லை அதிகாரிகள் செய்யும் சோதனை முற்றிலும் வேறானது. அவர்களுக்குள்ள அதிகாரமும் வேறு.

உறக்க நிலையில் வைத்தால் போதுமா, அணைத்துவிட வேண்டுமா?

அணைத்துவிடுவதே நல்லது. உறக்க நிலையிலுள்ள கருவி இறுக்கமான பைக்குள் தானே விழித்துச் சூடாவது உண்டு. கைமாறிப் போனாலும், முழுமையாக அணைக்கப்பட்டு, வட்டு முழுவதும் கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதவாறு மறைகுறியாக்கம் செய்யப்பட்ட கருவியிலிருந்து தகவலை எடுப்பது மிகக் கடினம். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் ஆகியவை அதற்காகவே உள்ளன. புறப்படுமுன் அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். கடவுச்சொல் மறந்தால் திறக்க உதவும் மீட்புக் குறியீட்டை அதே மடிக்கணினியில் சேமித்து வைக்காதீர்கள். முக்கியமான கோப்புகளுக்கு வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒரு படி இருக்கட்டும்.

இவ்வளவு தொல்லைக்குச் செக்-இன் பெட்டியிலேயே போட்டுவிடலாமே?

விதி அதை முற்றாகத் தடுக்கவில்லை. முழுமையாக அணைத்து, சேதமுறாதவாறு பொதிந்து வைக்கலாம். ஆனால் அது தவறான சிக்கனம். பெட்டிகள் எறியப்படும் விதத்தை ஓடுதளத்தருகே சன்னலோரம் அமர்ந்து பார்த்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம் தீ. லித்தியம் மின்கலம் பயணியர் அறையில் புகைந்தால் பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். சரக்கறையில் புகைந்தால் யார் கையும் எட்டாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்து நொறுங்கிய யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீப்பற்றிய சரக்கில் லித்தியம் மின்கலங்கள் பெருமளவு இருந்தன.

தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் பறக்கும் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறை சிறியது. ஆகவே படிக்கட்டின் அருகிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கறையில் வைப்பது உண்டு. அப்போது மடிக்கணினியையும் பவர் பேங்கையும் எடுத்துக்கொண்ட பிறகே பையைக் கொடுங்கள். மெல்லிய துணிப்பை ஒன்று கையில் இருந்தால் அந்நேரத்தில் உதவும்.

பவர் பேங்க், கூடுதல் மின்கலம் ஆகியவற்றுக்கு அளவு என்ன?

இவை கைப்பையில் மட்டுமே வர வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அளவான வாட்-மணியில் 100 வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160க்கு மேற்பட்டவை பயணியருக்கு அனுமதியில்லை.

கணக்கிடுவது எளிது. மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பவர் பேங்கின் வாட்-மணி கிடைக்கும். கடைகளில் பரவலாக விற்கும் 20,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர் பேங்க் 74 வாட்-மணிதான். 27,000 என்றால் 99.9, எல்லைக்குள் மயிரிழையில் அடங்கும். 30,000 என்றால் 111. ஒப்புதல் இல்லாமல் செல்லாது. மடிக்கணினியின் மின்கலத்தில் 11.4 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் 51.3 வாட்-மணி, பெரும்பாலான கருவிகள் 100க்குள் அடங்கிவிடும்.

எண்கள் அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் தடுத்து வைத்தால் வாதிட இடமில்லை; அதைப் புறப்படுமுன்பே மாற்றிவிடுங்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபோதே தீப்பற்றிய பிறகு விதிகள் இறுகி வருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்நாட்டின் 3சி என்ற கட்டாயப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்கு இடமில்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பலவற்றில் அம்முத்திரை இராது.

பழைய மடிக்கணினி, மின்கலம் சற்று உப்பியிருக்கிறது. கொண்டுசெல்லலாமா?

கூடாது. சேதமுற்ற அல்லது உப்பிய மின்கலம் கைப்பையிலும் பெட்டியிலும் தடைசெய்யப்பட்டது. தொடுபட்டையின் அருகே புடைத்திருத்தல், மூடி சரியாக மூடாமை, மேசையில் வைத்தால் ஆடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். மின்கலத்தை மாற்றிய பிறகே புறப்படுங்கள். 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையே பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மேக்புக் ப்ரோ கருவிகள் சிலவற்றின் மின்கலங்களை ஆப்பிள் நிறுவனம் 2019இல் திரும்பப் பெற்றது; அக்கருவியை இன்னும் வைத்திருப்பவர்கள் அதன் வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதான பெற்றோர் சக்கர நாற்காலி உதவியுடன் பயணம் செய்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு மடிக்கணினி கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

சக்கர நாற்காலியில் வருபவரை உதவியாளர் பெரும்பாலும் வேறு பாதையில் அழைத்துச் செல்கிறார். பையைப் பட்டையில் வைப்பதும் எடுப்பதும் அவரே. அவருக்கு உள்ளே மடிக்கணினி இருப்பது தெரியாது. அம்மா அப்பாவுக்கோ அது எக்ஸ்ரேக்கு முன் வெளியே எடுக்கப்பட்டது என்பது நினைவில் நிற்காது. பை திரும்பிவிட்டால் எல்லாம் திரும்பிவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்கள். ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் "பையில் லேப்டாப் ஒன்று, சார்ஜர் ஒன்று, சோதனைக்குப் பின் இரண்டையும் பார்க்கவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக் கொடுங்கள். உதவியாளரிடம் முதலிலேயே அதைக் காட்டச் சொல்லுங்கள். புதிய கருவி முத்திரை பிரிக்காத பெட்டியில் இருந்தால், திறக்கச் சொல்லக்கூடும் என்பதையும் சொல்லி வையுங்கள். பிரித்து, மின்னூட்டி, ஒருமுறை இயக்கிப் பார்த்து அனுப்புவது இன்னும் நல்லது.

ஒருமுறை சோதனை முடிந்தால் மீண்டும் எடுக்க வேண்டியிராதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாள்களை ஒட்டிப் பாதுகாப்பு எச்சரிக்கை இருக்கும்போது, விமானத்தின் படிக்கட்டருகே இரண்டாம் சோதனை நடப்பதுண்டு. துபாய், தோஹா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் விமானம் மாறுபவர்கள் மீண்டும் எக்ஸ்ரேயைக் கடக்க நேரும். சாங்கியின் சில முனையங்களில் அது ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. அபுதாபி வழியே அமெரிக்கா செல்பவர்களுக்கு அங்கேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனையும் உண்டு. ஆகவே முதல் சோதனை முடிந்ததும் மடிக்கணினியைப் பையின் அடியில் புதைத்துவிடாதீர்கள்.

மடிக்கணினியைத் திறக்கும் சிறு திருகாணிக் கருவிகளைக் கையில் கொண்டுசெல்லலாமா?

இந்தியாவில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வையுங்கள். அமெரிக்காவில் 7 அங்குலத்துக்கு உட்பட்ட கருவிகளுக்கு அனுமதி உண்டு என்பது இங்கே உதவாது.

சோதனை நடந்த இடத்திலேயே மடிக்கணினியை விட்டுவிட்டேன். விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது?

கதவு மூடப்படவில்லை என்றால் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். தரைப் பணியாளர் வழியே செய்தி அனுப்ப முடியும். நீங்களாகவே இறங்கி ஓட முயலாதீர்கள்.

விமானம் புறப்பட்டுவிட்டால், சென்றிறங்கியதும் புறப்பட்ட விமான நிலையத்தையே தொடர்புகொள்ள வேண்டும். சோதனை செய்பவர்கள் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, நாட்டின் பல முக்கிய விமான நிலையங்களின் பாதுகாப்பு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் வந்தது. ஆகவே விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து நேரத்தைச் செலவிடுவதால் பெரும்பாலும் பயன் இராது. கேட்பாரற்றுக் கிடந்த பொருளைப் படையினர் பதிவு செய்து விமான நிலைய நிர்வாகத்தின் தொலைந்த பொருள் பிரிவில் ஒப்படைக்கின்றனர். கண்டெடுத்தவற்றின் பட்டியல் படையின் இணையதளத்திலும் வெளியிடப்படுகிறது.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: முனையம், சோதனை வரிசையின் இடம், கடந்த நேரம், விமான எண், கருவியின் நிறமும் தயாரிப்பும், வரிசை எண், மூடியிலுள்ள அடையாளம். நேரத்தைத் துல்லியமாகச் சொன்னால் கண்காணிப்புக் கேமராப் பதிவில் தேடுவது எளிதாகும். வரிசை எண் கருவியின் அடியில்தான் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், புறப்படுமுன்பே அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பவருக்கே அது உதவும். வேறொருவர் எடுத்துச் சென்றது பதிவில் தெரிந்தால், அவர் பயணம் செய்த விமானத்தைக் கொண்டு அவரைக் கண்டறிய முடியும். வேண்டுமென்றே எடுத்திருப்பதாக ஐயம் எழுந்தால் விமான நிலையக் காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும். அலுவலகக் கருவியாயின், நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு அன்றே தெரிவியுங்கள். தொலைவிலிருந்தே அதைப் பூட்ட அவர்களால் முடியும்.

பெற்றுக்கொள்ளச் செல்பவர் அரசு வழங்கிய அடையாள அட்டையையும், போர்டிங் பாஸின் படியையும் கொண்டுசெல்ல வேண்டும். நீங்கள் வெளியூரில் இருந்து உறவினரை அனுப்புவதாயின், அவர் பெயரைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதத்தையும் உங்கள் அடையாள அட்டையின் படியையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று தொலைபேசியில் உறுதிசெய்துகொண்ட பிறகு அவரைப் புறப்படச் சொல்லுங்கள்.